லைன்

சனிக்கிழமை, திருப்பூரின் கையில் சம்பளம் புழங்கும் நாள்.
வண்டியை உதைக்கும்போது
அறையில் கூட இருப்பவன் படுத்தபடியே கேட்பான்:
‘லைனுக்குத்தானே?’
வேறு எங்கே போகப்போகிறேன்.

நாலு வருசம் முந்தி இந்த லைனை விலைக்கு வாங்கினேன்.
ஆறு தெரு, நூற்று நாற்பத்தெட்டு அட்டை,
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்ற குறிப்பு,
எல்லாம் சேர்த்து ஒரே விலை.
விற்றவர் எங்கள் திருச்செங்கோட்டுக்காரர்.
இப்போது கர்னூல் பக்கம்
இதைவிடப் பெரிய லைனில் இருக்கிறார்.

பெரிச்சிபாளையம் தாண்டி
சாக்கடை நீலமாகத் திரும்பும் இடத்தில் ஒரு லைன் வீடு.
பதினோரு கதவு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ்.
காலையில் அதன் முன்னால் நிற்பதும் லைன்தானாம்.
நான் பார்த்ததில்லை. நான் சாயங்காலத்து ஆள்.

ஏழாம் கதவு தமயந்தி.
பனியன் கம்பெனியில், மூன்றாவது லைனில், ஓவர்லாக்.
ஒருத்தி கை நின்றால் லைனே நிற்கும்,
சூப்பர்வைசர் கத்துவான் என்று
போனை எடுக்காததற்கு ஒருமுறை காரணம் சொன்னாள்.
நான் கத்துவதில்லை.
கத்தாமல் நிற்கவும் தொழில் தெரிய வேண்டும்.

இன்று வாசற்படியில் நாலுகோட்டு நோட்டு,
அதன்மேல் கவிழ்ந்த ஹேமவர்ஷினி, அஞ்சாம் வகுப்பு.
‘அம்மா இல்லீங். ஓவர்டைமுங்.’
நான் இன்னும் கேட்கவே இல்லை.
பிறகு, ‘ஏனுங்ணா, உங்களுக்கு இங்கிலீசு வருங்ளா?’

லைன் என்ற சொல்லை வைத்து
அஞ்சு வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
அர்த்தம் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாதாம்.
ஸ்கேல் வைத்துப் போடுவது ஒன்று,
பிரேயரில் நிற்பது ஒன்று, முடித்துவிட்டாள்.

‘போன்ல லைன் கிடைக்கலைன்னு எழுது.’
‘அது பழசுங்ணா. இப்ப டவர் இல்லைம்பாங்க.’
இருந்தாலும் எழுதிக்கொண்டாள்.

அடுத்தது என் நாக்கு வரை வந்துவிட்டது.
சங்ககிரி பஸ், இடப்பக்கம் மூன்றாவது சீட்டு,
ஒரு வருசம் முழுக்க லைன் அடித்தேன்.
அவள் திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு நாள்,
கண்டக்டரின் மீதிச் சில்லறையை
என் கையிலிருந்து வாங்கிக்கொள்ள.
இதை எப்படி நாலு கோட்டுக்குள் எழுதச் சொல்வது?

‘பாட்டுல ஒரு லைன், ரெண்டு லைன்னு வருமே’
அவளே பிடித்துவிட்டாள்.

அஞ்சாவதற்குப் பென்சிலைக் கடித்தாள்.
வண்டியைப் பார்த்தாள், தோள்பையைப் பார்த்தாள்,
ரப்பர் போட்ட அட்டைக் கட்டைப் பார்த்தாள்.
குனிந்து, இடது கையால் மறைத்தபடி
வேகமாக எழுதினாள்.

தலைகீழாக எண்ணிப் பழகிய கண் எனக்கு.
இங்கிலீசையும் தலைகீழாகப் படித்தேன்:
லைன் அங்கிள் வந்தால் என் அம்மா வீட்டில் இருக்க மாட்டார்.

அப்போதுதான் கதவின் அடியைப் பார்த்தேன்.
பலகைக்கும் சிமெண்டுக்கும் நடுவே
ட்யூப்லைட் வெளிச்சம், ஒரு கோடு.
கோட்டை மறித்து, பக்கத்தில் பக்கத்தில்,
இரண்டு இருட்டுத் துண்டு.
பாதம் அகலம்.
அசையவில்லை.

இதற்கும் அதே சொல்தான்.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கோ ஒரு ட்ரான்ஸ்பார்மர் படாரென்றது.
‘லைன் போச்சு’ என்று பதினோரு கதவும் கத்தின.
இல்லை, பத்து.

செல்போன் வெளிச்சத்தில் ஏழாம் அட்டையை உருவினேன்.
பணம் வந்தால் தொகை எழுதுவோம்,
வராத வாரத்துக்கு ஒரு கோடு.
மூன்று கோட்டுக்குக் கீழே நாலாவது.
ஸ்கேல் இல்லாமல் கொஞ்சம் வளைந்தது.

‘அஞ்சாவது சரியாங்ணா?’
இருட்டுக்குள்ளிருந்து கேட்டது.
‘ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை அம்மணி.’

எட்டாம் கதவில்
தீப்பெட்டியை யாரோ குலுக்கிப் பார்க்கிறார்கள்.